வேதாளத்துக்கு யார் மெட்டுப் போடுவது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, சேக்காட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரியதொரு யுத்தம் மூண்டது. மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் பெண்ணுக்காகவும் யுத்தங்கள் நடந்ததாகச் சரித்திரத்தில் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டு யுத்தம் ஒரு வேதாளத்துக்காக நடந்தது.

என் தகப்பனாருக்கு வயது எழுபத்தொன்பது. அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய 'அம்புலிமாமா' இதழ்கள் சில, சணல் கயிற்றால் கட்டியபடி இருக்கின்றன. அந்தக் கட்டுக்கு எங்கள் வீட்டில் நிலப் பத்திரத்துக்கு உள்ள மரியாதை உண்டு. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன மாதம் தாத்தாவிடம் எப்படியோ அநுமதி பெற்று அதை அவிழ்த்துவிட்டாள். அன்று முதல் அவளுக்கு ஊண் உறக்கம் இல்லை. விக்கிரமாதித்த ராஜா மரத்தில் ஏறுவதும், பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மயானத்தை நோக்கி நடப்பதும், பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்வதும், விடை சொல்ல ராஜா வாய் திறந்தவுடன் அது மறுபடியும் மரத்துக்குப் பறந்துவிடுவதும் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் அவளுக்கு அலுக்கவில்லை.

ஞாயிறன்று ரசம் சாதம் பரிமாறும்போது அவள் ஒரு பிரேரணை கொண்டுவந்தாள்.

"அப்பா! இதைக் குழந்தைகளுக்காகவே ஒரு புதுப் படமா எடுக்கணும். வெட்டுக் குத்து ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனா வேதாளம் மட்டும் நிஜமாவே பயமா இருக்கணும்."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறிற்று. படத்துக்கு வேண்டிய பணத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. பணம் இல்லாதவர்கள் படம் எடுப்பதில் உள்ள சௌகரியம் அதுதான். ராஜாவாக யார் நடிப்பது என்பதுகூட இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. "சங்கீத டைரக்டர் யார்?" என்று நான் கேட்டேனே, அங்கேதான் வந்தது வினை.

கல்லூரியில் படிக்கும் என் மகன், "ஏ. ஆர். ரகுமான்" என்றான். மகள், "அனிருத்" என்றாள். பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இளையராஜா இருக்கும்போது வேற பேர் எதுக்குங்க?" என்றாள். 1984-ஆம் வருஷம் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படம், இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் முப்பரிமாணப் படம். அதற்கு இசையமைத்தவர் இளையராஜா. 1990-இல் வந்த 'அஞ்சலி'யில் ஒரு குழந்தைப் பட்டாளத்தையே பாடி ஆடவைத்தவரும் அவரே. ஆகையால் பூதம், பிசாசு, குழந்தை என்ற மூன்று இலாகாக்களும் அவருக்கே சொந்தம் என்பது என் மனைவியின் வாதம்.

என் தகப்பனார் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கண்டசாலா" என்றார்.

"அவர் இப்போ உயிரோட இல்லையே, தாத்தா!" என்றாள் மகள்.

"அதனால் என்னம்மா? வேதாளமுந்தான் உயிரோடு இல்லை!" என்றார் தகப்பனார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யுத்தம் அன்றைக்கு அவ்வளவில் நின்றது. ஆனால் எனக்கு மட்டும் இரவு வெகு நேரம் தூக்கம் பிடிக்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் எங்கள் காதுக்குப் பழகிய பெயரைச் சொன்னோமே தவிர, வேதாளத்துக்கு என்ன வேண்டும், அதைப் பார்க்கப் போகும் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று ஒருவராவது கேட்டோமா? இல்லை. பெரியவர்கள் குழந்தைகளுக்காக எதைத் தேர்ந்தெடுத்தாலும் அநேகமாய் இப்படித்தான் நடக்கிறது. நம்முடைய பால்யத்தையே எடுத்து, தூசி தட்டி, அவர்கள் தலையில் வைத்துவிடுகிறோம்.

*

மறுநாள் காலையில் தகப்பனாரிடம், "கண்டசாலா என்று ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"1957-இல் எனக்குப் பத்து வயது. டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து 'மாயா பஜார்' பார்த்தேன். அன்றைக்குக் கடோத்கஜன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது" என்றார்.

தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மாயாஜாலப் படங்களுக்குள் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். 'அம்புலிமாமா'வுக்கும் அதற்கும் ஒரு குடும்ப உறவும் உண்டு. 1947 ஜூலையில், அதாவது நாடு சுதந்திரம் அடைவதற்கு ஒரு மாதம் முந்தி, அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியுமே 'மாயா பஜா'ரைத் தயாரித்தவர்கள். வடபழனியில் அவர்களுடைய ஸ்டுடியோவில், கே. வி. ரெட்டியின் டைரக்ஷனில், தெலுங்கிலும் தமிழிலுமாக அது உருவாயிற்று. மார்க்கஸ் பார்ட்லி காமிராவைக் கையாண்டார். வேதாளம் வளர்ந்த வீட்டில்தான் கடோத்கஜனும் வளர்ந்தான் என்று சொல்லலாம்.

அபிமன்யுவுக்கும் பலராமனுடைய குமாரிக்கும் கல்யாணம் நடக்கக் கடோத்கஜன் செய்யும் மாயைகள் வியாசருடைய பாரதத்தில் இல்லாதவை. ஜனங்கள் தாங்களாகவே கற்பித்துக் கொண்டு, கதையாகவும் நாடகமாகவும் பல காலம் அநுபவித்து வந்தவை. ஆகவே படம் எடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதை. எல்லாரும் மனத்தில் ஏற்கெனவே ஒரு கடோத்கஜனை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடோத்கஜனுக்கு எந்தக் குரல் கொடுப்பது? அவன் நடந்தால் எந்த வாத்தியம் நடக்கும்?

முதலில் அவர்கள் அழைத்தது எஸ். ராஜேஸ்வர ராவை. 1948-இல் 'சந்திரலேகா'வின் மூலம் நாட்டையே பிரமிக்க வைத்தவர் அவர். மேல்நாட்டு நடனச் சங்கீதத்தையும் கர்நாடக ராகத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கத் தெரிந்தவர். இதே கம்பெனியின் 'மிஸ்ஸியம்மா'வுக்கு 1955-இல் இசையமைத்தவரும் அவர்தான். 'மாயா பஜா'ருக்காக அவர் நான்கு பாட்டுக்களுக்கு மெட்டமைத்தார். பிறகு படத்திலிருந்து விலகிவிட்டார். அவருடைய இடத்துக்குக் கண்டசாலா வேங்கடேஸ்வர ராவ் வந்தார். அதே கம்பெனியின் மற்றொரு மாயாஜாலப் படமான 'பாதாள பைரவி'க்கு 1951-இல் இசையமைத்து, அந்த உலகத்து வழிகளையெல்லாம் அறிந்தவர் அவர். விஜயநகரத்தில் வீடு வீடாய் அன்னம் ஏற்றுச் சாப்பிட்டுக்கொண்டு சங்கீதம் கற்றவர். 1942-ஆம் வருஷத்து 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றவர்.

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நடுவில் வந்து சேரும் புதிய சங்கீத டைரக்டருக்குச் சாதாரணமாக என்ன தோன்றும்? 'முன்னவர் போட்டதையெல்லாம் குப்பையில் போடுங்கள். நான் புதிதாய்ப் போடுகிறேன்' என்றுதான் தோன்றும். கண்டசாலா அப்படிச் செய்யவில்லை. ராஜேஸ்வர ராவின் நான்கு மெட்டுக்களையும் அப்படியே வைத்துக்கொண்டார். அவற்றுக்கு வாத்தியச் சேர்க்கை அமைத்து ஒலிப்பதிவு செய்தார். மீதிப் பாட்டுக்களைத் தாம் போட்டார். நிலவில் படகு மிதந்து செல்லும் காட்சியை மறக்க முடியுமா? மோகன ராகத்தில் அமைந்த அந்த மெட்டு ராஜேஸ்வர ராவுடையது; அதைப் பாடிய ஆண் குரல் கண்டசாலாவுடையது. ஒருவர் தொடுத்த மாலையை மற்றொருவர் கசங்காமல் ஸ்வாமிக்குச் சாத்திய மாதிரி இருக்கிறது அல்லவா? 1957 மார்ச்சில் தெலுங்கிலும் ஏப்ரலில் தமிழிலும் படம் வெளிவந்தபோது கொட்டகையில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையனுக்கு இந்த வியவகாரம் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததே அந்த இருவருக்கும் கிடைத்த வெற்றி.

*

ஆகா, கடோத்கஜனுடைய சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா?

ஒரு கல்யாணத்துக்கு ஆக்கிவைத்த சாப்பாடு முழுவதையும் எஸ். வி. ரங்கராவ் ஒருவராக உட்கார்ந்து தீர்த்துக்கட்டும் காட்சி அது. 'கல்யாண சமையல் சாதம்' என்ற பாட்டைத் தமிழில் தஞ்சை ராமையாதாஸ் எழுத, திருச்சி லோகநாதன் பாடினார். பலகாரங்கள் தாமே எழுந்து வாய்க்குள் போகின்றன. அந்தக் காலத்துத் தந்திரக் காட்சி என்னதான் கெட்டிக்காரத்தனமாக எடுக்கப்பட்டிருந்தாலும், கண் சற்றுச் சந்தேகிக்கத்தான் செய்யும். ஆனால் பாட்டின் நடுவே அந்தப் பெருஞ்சிரிப்பு உருண்டு வரும்போது காது நம்பிவிடுகிறது. காது நம்பிய பிறகு கண் வாயை மூடிக்கொள்கிறது. மாயாஜாலப் படத்துக்குச் சங்கீதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

அந்தச் சிரிப்பு வந்த வழி மிக நீளமானது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஜார்ஜ் ஜான்ஸன் என்ற நீக்ரோ பாடகர். நியூயார்க்கில் தெருவிலும் படகுத் துறையிலும் சீட்டியடித்துப் பாடிக் காசு சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1890-ஐ ஒட்டி, போனோகிராப் உருளைகளில் அவர் ஒரு சிரிப்புப் பாட்டைப் பாடினார். உருளையைப் படியெடுக்க அப்போது நல்ல வழி இல்லாமையால், விற்பனைக்காக அதே பாட்டை, அதே சிரிப்பை, நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. சிரிப்பதே கூலி வேலையாய்ப் போன மனிதர் அவர்! அதே மெட்டில் 1922-இல் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய ஹாஸ்யக்காரர், சிரிக்கும் போலீஸ்காரனைப் பற்றிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். நம்முடைய கல்யாண விருந்துப் பாட்டில் அந்த இசைத்தட்டின் சாயல் இருப்பதை ரசிகர்கள் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆந்திர நாடக மேடையின் வழியாக அது வடபழனிக்கு வந்து சேர்ந்தது.

'அப்படியானால் இது அந்நியச் சரக்கல்லவா?' என்று சுதேசி அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கடன் வாங்குவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கி வந்த அரிசியைச் சமைக்காமல் இலையில் கொட்டுவதுதான் குற்றம். அடிமையாய்ப் பிறந்த ஒருவருடைய சிரிப்பு பாதி உலகம் சுற்றிவந்து பீமனுடைய பிள்ளையின் சிரிப்பாக மாறியபோது, அதில் நம் ஊர்க் கல்யாணப் பந்தியின் வாசனை ஏறிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாதபடி அது நன்றாய் வெந்திருக்கிறது.

*

குழந்தைகள் படத்துக்குச் சங்கீதம் அமைப்பவர்கள் செய்யும் பெரிய பிசகு ஒன்று உண்டு. 'குழந்தைகள்தானே, இது போதும்' என்று எண்ணுவதே அது. சிறுவர் சட்டைக்குத் துணி குறைவாய்ப் பிடிப்பது போல், சிறுவர் சங்கீதத்துக்கு உழைப்பும் குறைவாய்ப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

முதலாளிகளுக்கும் இந்தப் பயம் உண்டு. அமெரிக்காவில் 1939-ஆம் வருஷம் 'ஓஸ் நகர மந்திரவாதி' என்ற பிரசித்தமான குழந்தைக் கதையைப் படமாக்கினார்கள். ஹரால்ட் ஆர்லன் என்பவர் மெட்டமைத்தார். படத்தின் தொடக்கத்தில், வானவில்லுக்கு அப்பால் உள்ள தேசத்தை நினைத்துச் சிறுமி ஏக்கத்தோடு பாடும் ஒரு விளம்ப காலப் பாட்டு வருகிறது. முன்னோட்டமாகப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, 'கதையின் ஓட்டம் தடைப்படுகிறது' என்று மேலிடத்தார் அந்தப் பாட்டை வெட்டிவிட்டார்கள். நல்ல வேளையாகச் சிலர் போராடி அதைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் அந்த வருஷத்து ஆஸ்கார் பரிசு கிடைத்தது. குழந்தைக்கு ஏக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மேலிடத்தார் மறந்துபோனார்கள்.

நம் தேசத்தில் இந்தப் பிசகைச் செய்யாதவர் என்று வங்காளத்துச் சத்யஜித் ரேயைச் சொல்ல வேண்டும். ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் என்று மூன்று மகா வித்துவான்களைத் தம் படங்களுக்கு அழைத்துப் பார்த்தவர் அவர். மகா வித்துவான்களைப் படத்தின் தேவைக்குள் அடக்கி நடத்திச் செல்வது எளிதல்ல என்று கண்டு, 1961 முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைக்கலானார். தம்முடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் 1915-இல் எழுதிய 'கூபி காயென் பாகா பாயென்' என்ற குழந்தைக் கதையை 1969-இல் அவர் படமாக எடுத்தார். தகப்பனார் எப்போதும் பெரியவர்களுக்கே படம் எடுக்கிறார் என்று அவருடைய பிள்ளை குறைப்பட்டதுதான் காரணம். பாடத் தெரியாத ஒருவனும் மேளம் அடிக்கத் தெரியாத ஒருவனும் ஊரை விட்டு விரட்டப்படுகிறார்கள். காட்டில் பூத ராஜா அவர்களுக்கு வரம் கொடுக்கிறான். பிறகு அவர்கள் பாடினால் கேட்பவர்கள் அசையாமல் நின்றுவிடுவார்கள். இந்த வரத்தைக் கொண்டு ஒரு யுத்தத்தையே அவர்கள் நிறுத்துகிறார்கள்.

அந்தப் படத்தில் பூதங்கள் ஆடும் ஆட்டம் ஒன்று ஆறு நிமிஷத்துக்கு மேல் நடக்கிறது. பூதங்களில் நான்கு ஜாதி: ராஜாக்கள், சாதாரண ஜனங்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள். பூதத்துக்குப் பாட்டு எதற்கு, ராகம் என்பது நாகரிகமல்லவா என்று நினைத்த ரே, வெறும் தாளத்திலேயே அந்த ஆட்டத்தை அமைத்தார். அதற்கு வாத்தியம் தேடி அவர் எங்கே வந்தார் தெரியுமா? நம்முடைய தாளவாத்தியக் கச்சேரிக்கு வந்தார்! ராஜ பூதங்களுக்கு மிருதங்கம். குடியானவப் பூதங்களுக்குக் கஞ்சிரா. விறைப்பாய் நடக்கும் வெள்ளைக்காரப் பூதங்களுக்குக் கடம். தொந்திப் பூதங்களுக்கு மோர்சிங். கல்கத்தாக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கொஞ்சம் பயந்தும் இருப்பார்கள். நம் வீட்டு வாசலில் இருந்த வாத்தியங்களை வங்காளத்தார் வந்து எடுத்துப்போய்ப் பூதங்களுக்குக் கொடுத்தார்கள்.

*

இனிமேல் சொல்லப்போவது என்னுடைய சொந்தப் பிசகு.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில், ஒரு வேதாளக் கதையை நாடகமாக நடத்தினோம். கதை, வசனம், டைரக்ஷன், சங்கீதத் தேர்வு எல்லாம் அடியேன்தான். பட்டதாரி அல்லவா! கம்ப்யூட்டரில் தேடி, யாரோ ஒரு மேல்நாட்டுப் பேய்ப் படத்தின் பிடில் அலறலையும், ஓநாய் ஊளையையும் எடுத்துச் சேர்த்தேன். விக்கிரமாதித்தனுடைய காட்டுக்குப் பனிநாட்டு ஓநாய் எப்படி வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வேதாளம் பறந்தது, பிடில் அலறியது, மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டெலிவிஷனில் ஆயிரந்தரம் கேட்ட சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்?

அந்த நாடகத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மரமாக நின்றான். கையில் கிளையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டியதுதான் அவனுடைய வேலை. ஒத்திகையின்போது மட்டும் விரல்களால் அட்டைப் பெட்டியின் மேல் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பான். "மரம் தாளம் போடுமாடா?" என்று நான் ஒரு தடவை அதட்டினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் நிறுத்திவிட்டான்.

அந்த வருஷம் ஆடி மாதம், எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பம்பையும் உடுக்கையும் முழங்க, அம்மன் வர்ணிப்பு நடந்துகொண்டிருந்தது. சேர்த்துக் கட்டிய இரட்டை மேளமான பம்பை அதிரும்போது நெஞ்சுக்குள் ஏதோ உருளும். உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது அதன் ஒலி மனிதக் குரல் போலவே ஏறி இறங்கும். யாரோ எங்கிருந்தோ அழைப்பது போல் இருக்கும். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்களில் பயமும் ஆனந்தமும் சேர்ந்து இருந்தன. என்னுடைய ஓநாய்களால் உண்டாக்க முடியாத பயம்!

உடுக்கை அடித்துக்கொண்டிருந்தவன் என்னுடைய மரம்தான். பக்கத்தில் பம்பை அடித்தவர் அவனுடைய தகப்பனார். பையன் என்னைப் பார்த்தான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் பள்ளிக்கூட வராந்தாவில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்தபடி, "சார், கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றான்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்றும் அவனுடைய பெயரையும் தெருவையும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் மறக்க முடியவில்லை. வேதாளத்துக்கு வேண்டிய சங்கீதம் முழுவதும் என் கண்ணெதிரே, ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை. அது வெட்கப்படும்படியும் செய்துவிட்டேன். மிருதங்கத்தைத் தேடிக் கல்கத்தாக்காரர் வந்தார் என்று மேடையில் பெருமை பேசும் நாம், அடுத்த தெரு உடுக்கையைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் நம்முடைய முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு மீண்டும் வேதாளக் கதை போடலாம் என்று தீர்மானித்து, போன வாரம் அந்தப் பையனின் தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சார், வேதாளம் வரும்போது அடிக்கணுமா, வந்தப்புறம் அடிக்கணுமா?" என்று கேட்டார்.

"ஏன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன்.

"வரும்போதே அடிச்சுட்டா, அது வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சுடும் சார். பசங்க முன்னாடியே தயாராயிடுவாங்க. சும்மா இருந்துட்டு, வந்தப்புறம் ஒரே அடியா அடிச்சாத்தான் தூக்கிப்போடும்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராஜா பேசவே கூடாதுன்னு சொல்றீங்களே, அவர் நடக்கறப்ப உடுக்கையை விரல் நுனியால மட்டும் தட்டினாப் போதும் சார். பேச்ச அடக்கிக்கிட்டுப் போறார் இல்ல?" என்று சேர்த்துச் சொன்னார்.

நான் திகைத்துப் போனேன். வேதாளக் கதையின் உயிர்நிலையே ராஜாவின் மௌனம்தான். அவன் வாய் திறந்தால் எல்லாம் போயிற்று. அந்த மௌனத்துக்கும் சங்கீதம் வேண்டும், அதுவும் அளவாக வேண்டும் என்பதை, பட்டம் பெற்ற நான் இரண்டு வருஷமாய் நினைக்கவில்லை. இவர் கதை கேட்ட ஐந்தாவது நிமிஷத்தில் சொல்லிவிட்டார். பையன் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்றிருக்கிறான். அவன் யோசிப்பதற்கு நியாயம் இருக்கிறது.

*

ஆகையால், எங்கள் வீட்டு யுத்தத்துக்கு என்னுடைய தீர்ப்பு இது. குழந்தைகளுக்காக ஒரு மாயக் கதையைப் படமாக்க எண்ணும் முதலாளிகள் யாரை வேண்டுமானாலும் அழைக்கட்டும். புகழ் உள்ளவரானாலும் சரி, நேற்று வந்தவரானாலும் சரி. மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலாவது, அவர் கதையை முழுவதும் படித்தவராக இருக்க வேண்டும். படித்துவிட்டு, எங்கே சங்கீதம் கூடாது என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது, மற்றொருவர் போட்ட நல்ல மெட்டைக் கண்டால், கண்டசாலாவைப் போல் அதைத் தாங்கிப் பிடிக்கும் மனசு வேண்டும். மூன்றாவது, ஒரு நாளாவது ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் தெருவில் நடந்து, அதன் காதில் விழுவதையெல்லாம் தாமும் கேட்டிருக்க வேண்டும்.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மகன், "ரகுமானுக்கு இந்த மூணும் உண்டு" என்றான். என் மனைவி, "ராஜாவுக்கு இல்லாததா?" என்றாள். தகப்பனார் வழக்கம்போல் பேசாமல் இருந்தார். மகள் மட்டும், "அந்த உடுக்கை அண்ணா சரின்னு சொல்லிட்டாங்களா, அப்பா?" என்று கேட்டாள்.

'விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்கு நூறாகும்' என்பது வேதாளத்தின் நிபந்தனை. தலைக்குப் பயந்து தெரிந்த விடையைச் சொல்லிவிட்டேன். நான் வாய் திறந்துவிட்டபடியால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் துணிவுள்ள படத் தயாரிப்பாளர் யாராவது வரட்டும்.